ஓய்வும் பயிற்சிதான்: நீச்சல் குறிப்புகளைப் படிக்கப் பழகுவோம்

‘6 × 50 @ 2:00’. முதன்முறை பார்ப்பவருக்கு இது கணக்குப் பாடம்போலத் தோன்றும். ஆனால் நீச்சல் குழுக்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் அன்றைய பயிற்சி இப்படித்தான் எழுதப்படுகிறது.

சிங்கப்பூரில் ‘ஸ்விம்சேஃபர்’ நீர்ப் பாதுகாப்புத் திட்டம் 2010ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே தொடக்கப்பள்ளியை முடித்தவர்களில் சிலர், வேலைக்குச் சென்ற பிறகே நீச்சல் வகுப்பில் சேர்கிறார்கள். வகுப்பு முடிந்து, தனியாகக் குளத்திற்குச் செல்லும்போது சிக்கல் தொடங்குகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சு வாங்கும்வரை நீந்துகிறார்கள். பத்தே நிமிடங்களில் களைத்துப்போய், ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை உடல் வலிமையில் இல்லை. எங்கே நின்று ஓய்வெடுப்பது என்பது தெரியாததுதான் காரணம். அதைச் சொல்லித்தருவதே இந்தக் குறிப்புகளின் வேலை.

எண்கள் சொல்வது என்ன?

மேலே உள்ள குறிப்பில் 6 என்பது எத்தனை முறை நீந்த வேண்டும் என்பதைக் குறிக்கும். 50 என்பது ஒவ்வொரு முறையும் நீந்தவேண்டிய மீட்டர். இப்படிச் சேர்த்து எழுதப்படும் தொகுப்புக்கு ‘செட்’ என்று பெயர். 50 மீட்டர் குளத்தில் இது ஒரு முனையிலிருந்து மறுமுனை. 25 மீட்டர் குளத்தில் போய்த் திரும்புவது. கூட்டுரிமை வீடுகளின் குளங்கள் இன்னும் சிறியதாக இருக்கலாம் என்பதால் நீளத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘லேப்’ என்ற சொல்லைச் சிலர் ஒருமுறை கடப்பதற்கும் சிலர் போய்த் திரும்புவதற்கும் பயன்படுத்துவதால், மீட்டர் கணக்கை நம்புவதே நல்லது.

பலரும் குழம்பும் இடம் ‘@ 2:00’. இது இரண்டு நிமிட ஓய்வு அன்று. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட வேண்டும் என்று பொருள். ஒன்றரை நிமிடத்தில் நீந்தி முடித்தால் 30 வினாடி ஓய்வு. 1:40 ஆனால் 20 வினாடிதான். முதல் சுற்றில் வேகமாகப் பாய்ந்துவிட்டு அடுத்தடுத்த சுற்றுகளில் தளர்ந்தால், ஓய்வு சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே ஆறு சுற்றையும் ஒரே சீராக நீந்த இது பழக்குகிறது.

‘30 வினாடி ரெஸ்ட்’ என்று எழுதியிருந்தால், எவ்வளவு மெதுவாக நீந்தினாலும் ஓய்வு மாறாது. புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவது எளிது.

அடிக்கடி வரும் சொற்கள்

‘வார்ம்-அப்’, ‘கூல்-டவுன்’: தொடக்கத்திலும் முடிவிலும் நிதானமாக நீந்துவது.

‘கிக்’: மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் அடிப்பது.

‘புல்’: கைகளால் மட்டும் இழுத்து நீந்துவது. அப்போது தொடைகளுக்கு இடையே செருகிக்கொள்ளும் மிதவைக்குப் பெயர் ‘புல் பாய்’. தமிழில் எழுதினால் கோரைப்பாய் நினைவுக்கு வரும். உண்மையில் அது எட்டு வடிவ நுரைக்கட்டை.

‘டிரில்’: கை வீச்சு, மூச்செடுப்பு போன்ற ஒரே ஓர் அசைவைத் திருத்தும் பயிற்சி.

‘பில்ட்’, ‘டிசெண்ட்’: இரண்டும் வேகத்தைக் கூட்டுவதுதான். ஒரே 50 மீட்டருக்குள் மெதுவாகத் தொடங்கி வேகமாக முடிப்பது பில்ட். ஒவ்வொரு 50 மீட்டரையும் முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் முடிப்பது டிசெண்ட்.

‘ஐஎம்’: தனிநபர் கலப்பு நீச்சல். வண்ணத்துப்பூச்சி, மல்லாந்து, மார்பு, எதேச்சை பாணி என்ற வரிசையில் நீந்த வேண்டும்.

‘ஹைப்பாக்சிக்’: மூச்செடுக்கும் எண்ணிக்கையைக் குறைத்து நீந்துவது. புதியவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சை அடக்கினால் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரக்கூடும். தனியாக ஒருபோதும் முயலாதீர்கள்.

முதல் பயிற்சிக்கு ஒரு மாதிரி

நிதானமாக 100 மீட்டர் வார்ம்-அப். 2 × 50 கிக். பிறகு முதன்மைப் பகுதியாக 6 × 50, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 வினாடி ஓய்வு. கடைசியாக 100 மீட்டர் கூல்-டவுன். மொத்தம் 600 மீட்டர்.

இடைவிடாமல் 600 மீட்டர் நீந்து என்றால் பலர் மலைத்துப்போவார்கள். அதையே இப்படிப் பிரித்தால் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறக்கும். 30 வினாடி போதாவிட்டால் 45 ஆக்கிக்கொள்ளுங்கள். 50 மீட்டர் கடினமென்றால் 25 நீந்துங்கள். தாளில் உள்ள எண்கள் நமக்காகத்தான். ஆறாவது சுற்றும் முதல் சுற்றைப்போலவே சீராக அமைந்தால், அன்றைய பயிற்சி நல்ல பயிற்சி.