இணையம் இல்லாமலும் வழி தெரியும்

வெளிநாட்டில் இறங்கியதும், சிம் வாங்கும் முன்பு, ரோமிங் போடாமல் போனில் வரைபடத்தைத் திறந்தால் திரை வெறும் சாம்பல் நிறமாக நிற்கும். ஆனால், நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சற்று நேரத்தில் அதில் வந்துவிடும். ஏனென்றால் புள்ளி வருவது வானத்திலிருந்து. வரைபடம்தான் இணையத்தில் வருவது.

சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. போன் ஒரு ரேடியோப் பெட்டி போல அதைக் கேட்க மட்டும் செய்கிறது. சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடுகிறது. போனின் கடிகாரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிழையையும் சேர்த்துத் தீர்க்க நான்கு செயற்கைக்கோள்களாவது தேவை.

செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைப் போன் வழக்கமாக இணையத்தில் நொடியில் வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லாதபோது வானத்திலிருந்தே மெதுவாகப் பெற வேண்டும். ஆகவே திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள்.

வரைபடத்தை மட்டும் நாம் முன்கூட்டியே எடுத்துச் செல்ல வேண்டும். சாலை, ஆறு, கட்டடம் எல்லாம் படமாக அல்லாமல் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சேமிக்கப்படுவதால் ஒரு பெரிய பகுதியே போனில் அடங்கிவிடும். வழியையும் போனே கணக்கிடும். கூகுள் மேப்ஸில் இணையம் இல்லாதபோது கார் வழி கிடைக்கும். நடைவழியும் பேருந்து வழியும் கிடைக்காது. நடப்பவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் உதவும்.

இவை இரண்டும் 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்குகின்றன. அதை வரைபவர்கள் தன்னார்வலர்கள். 2015 ஏப்ரலில் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, மீட்புக் குழுக்களுக்காக உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அந்நாட்டின் மலைக்கிராமங்களையும் பாதைகளையும் வரைந்து கொடுத்தார்கள். இன்று அங்கே நடைப்பயணம் போகிறவரின் போனில் இந்தச் செயலிகள் காட்டுவதும் அந்த உழைப்பில் வளர்ந்த வரைபடமே.

புறப்படும் முன்பு வீட்டு வைஃபையில் போகும் நாட்டின் வரைபடத்தை இறக்கி, தங்குமிடத்தையும் இந்தியத் தூதரகத்தையும் குறித்துவையுங்கள். பிறகு இணையத்தை அணைத்துவிட்டு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால், அந்தப் பகுதியின் வரைபடம் இறங்கியிருக்கிறது என்று நம்பிக் கிளம்பலாம்.