விலகும் கடலும் விடாத ஊரும்

பின்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கொக்கோலா, தார் விற்று வாழ்ந்த ஊர். மரக்கலங்களில் நீர் புகாமல் காக்கும் தாருக்கு ஐரோப்பாவெங்கும் கிராக்கி. ஆயினும் ஊரார் அதை அயல்நாட்டிற்கு நேரே அனுப்பலாகாது! அன்று அந்நாட்டை ஆண்ட சுவீடனின் சட்டம் அது. இலாபமெல்லாம் ஸ்டாக்ஹோம் வணிகர் மடியில் விழுந்தது.

ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்ற பாதிரியார் நாடாளுமன்றத்தில் வாதாடினார். 1765இல் தடை நீங்கியது. தடையற்ற வணிகத்தை ஆதரித்து அவர் எழுதிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. பொருளாதாரம் பயிலும் நண்பர்கள் கவனிக்க: ஆடம் ஸ்மித்தின் பெருநூலுக்கு அது 11 ஆண்டு மூத்தது!

சட்டத்தை வென்ற ஊருக்குக் கடலே பகையாயிற்று. பனியுகத்தில் பனிப்பாளத்தின் பாரத்தால் அமிழ்ந்த நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வீதம் இன்றும் எழுகிறது. பழைய துறை ஆழமிழக்கவே, துறைமுகம் இக்ஸ்பிஹ்லயாவுக்குப் பெயர்ந்தது. 1885இல் ஊருக்கு இருப்புப்பாதை வந்தது. 1969 முதல் துறைமுகத்தருகே துத்தநாக ஆலை இயங்குகிறது. கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தியே பெருங்கப்பல்களுக்கு வழி செய்திருக்கிறார்கள்.