கண்முன் நின்றும் காணப்படாத நோய்

மழைக்காலம் வந்ததும் நமது ஆஸ்பத்திரிகளில் சுரத்தோடு வருவோர் தொகை பெருகுவது வழக்கம். மலேரியா, டைபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல் என்னும் பெயர்களை இன்று பாமர ஜனங்களும் அறிவர். ஆனால் அதே மழையோடு, அதே சேற்று நிலத்திலிருந்து எழும் மற்றொரு கொடிய நோயின் பெயரைப் படித்தவர்களிலும் பெரும்பாலோர் கேட்டிருக்கமாட்டார்கள். மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். வைத்தியர்களிலுங்கூடப் பலர் அதனைப் பாடபுஸ்தகத்தில் சில வரிகளாகக் கண்டதோடு மறந்துவிட்டனர். அது அபூர்வமான வியாதி என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். தேடாத பொருள் அபூர்வமாகத் தோன்றுவதில் வியப்பென்ன என்று நாம் கேட்கிறோம்.

இது நேற்று வந்த நோயன்று. பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்த 1911-ம் வருஷத்தில், ரங்கூன் ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனை செய்துவந்த ஆல்பிரட் விட்மோர் என்பவரும், அவருக்கு உதவியாயிருந்த சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இதனை முதன்முதல் கண்டனர். உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளோடு மாண்ட ஏழைகளின் உடல்களில், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்ததும், ஆயினும் அதனின் வேறானதுமான ஒரு கிருமி அவர்களுக்கு அகப்பட்டது. 1912-ல் அவர்கள் இருவர் பெயராலும் அச்செய்தி ‘இந்தியன் மெடிகல் கெஜட்’டில் வெளிவந்தது. உலகம் அதற்கு ‘விட்மோர் வியாதி’ என்று பெயரிட்டது. கிருஷ்ணசுவாமியின் பெயர் பின்தங்கிற்று. அதைவிட வருந்தத்தக்கது, அவர் கண்ட வியாதியையே நமது தேசம் மறந்துபோனதாகும். பம்பாயில் ஒரு குழந்தையிடம் இந்நோய் கண்டறியப்பட்ட செய்தி 1991-ல்தான் வெளிவந்தது. இடையில் ஏறக்குறைய எண்பது வருஷங்கள் கழிந்தன. அதன்பின் வேலூரிலும் மணிப்பாலிலும் உள்ள பரிசோதனைச் சாலைகள் கருத்தோடு தேடின. நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக அகப்பட்டனர்.

இந்நோயை உண்டாக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி என்னும் கிருமி, வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வெறுங்காலில் ஏற்பட்ட ஒரு சிறு கீறல் அதற்குப் போதிய வாயிலாகும். பெருங்காற்றும் மழையும் சேர்ந்தடிக்கையில் மூச்சின் வழியாகவும், சுத்தி செய்யாத நீரின் வழியாகவும் அது உட்புகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. இதற்கு எளிதில் இரையாகிறவர் யாரெனில், முதன்மையாக நீரிழிவுக்காரர்; அடுத்தபடியாக மதுப்பழக்கமும் நாட்பட்ட சிறுநீரக நோயும் உள்ளவர். நெல் விளைவிப்பதும் நீரிழிவு மலிந்திருப்பதுமான நமது தேசத்தில் இதன் பொருள் என்னவென்று விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனைக் கண்டுபிடிப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். இது பல வேஷங்கள் தரிப்பது. நுரையீரலில் புகுந்து குழிகள் உண்டாக்கி, இருமலும் மெலிவும் காட்டி, க்ஷயரோகம்போல நடிக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டிகளாகும், மூட்டைச் சீழாக்கும், சில சமயம் இரத்தத்தில் பரவி இரண்டொரு நாளிலேயே உயிரைக் குடிக்கும். சளியில் க்ஷயக்கிருமி காணாதிருந்தும் க்ஷயரோக மருந்தையே மாதக்கணக்கில் உண்டு, குணமின்றி வருந்தும் நீரிழிவுக்காரர் ஒருவர் இருப்பாராயின், அவர் விஷயத்தில் இந்நோயைச் சந்தேகிக்கவேண்டியது வைத்தியரின் கடமை. அம்மருந்து இக்கிருமியைத் தீர்க்காது.

சந்தேகம் எழுந்தபின் சாட்சியம் வேண்டும். இரத்தம், சீழ், சளி, சிறுநீர், தொண்டைச்சளி ஆகியவற்றை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே முடிவான பரிசோதனை. ஒருமுறை கிருமி அகப்படாமையால் நோயில்லை என்று தீர்ப்புக் கூறலாகாது; மறுபடியும் பார்க்கவேண்டும். பூதக்கண்ணாடியில் இக்கிருமியின் இரு முனைகளும் சாயமேறி, ஊக்குப்போலத் தோன்றும். ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்னும் மருந்துகளுக்கு அது பெரும்பாலும் அடங்காது. அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்கு அடங்கும். இம்மூன்று குறிகளும் ஒருங்கே காணுமிடத்து ஐயம் வலுப்படவேண்டும். ஆனால் பல இடங்களில் நடப்பதோ வேறு. வளர்ந்த கிருமியை ‘சூடோமோனாஸ் வகை’ என்றெழுதி முடித்துவிடுகின்றனர். அல்லது வெளியிலிருந்து கலந்த அசுத்தமென்று குப்பையில் எறிகின்றனர். தானே இயங்கும் யந்திரங்களுங்கூடச் சில சமயம் தவறான பெயர் சொல்லுகின்றன. கையில் அகப்பட்ட குற்றவாளியை விசாரியாமல் விடுவிப்பதற்கு ஒப்பானது இது.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. உலகில் ஆண்டுதோறும் 1,65,000 பேர் இந்நோயுறுகின்றனர் என்றும், 89,000 பேர் மடிகின்றனர் என்றும் 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அதில் நூற்றுக்கு 44 பங்கு தென்னாசியாவின் பாரம். அறிந்துகொண்டால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவற்றுள் பல. செப்டாசிடைம் என்னும் மருந்து, கடிய நோயாளிகளில் மரணத்தை நூற்றுக்கு 74-லிருந்து 37-ஆகக் குறைத்ததென்று, தாய்லாந்தின் உபோன் ரட்சதானியில் நடந்த ஆராய்ச்சி 1989-லேயே காட்டியது. ஆஸ்திரேலியாவின் டார்வின் பிரதேசத்தில், முன்னரே சந்தேகித்து உடனே சிகிச்சை தொடங்கும் முறையால், முப்பது வருஷங்களில் மரணம் நூற்றுக்கு 31-லிருந்து 6-ஆக இறங்கியது. பத்து முதல் பதினான்கு நாளுக்குக் குறையாமல் ஊசிமருந்தும், பின்னர் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் கொடுப்பதே சிகிச்சை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

2021-ல் அமெரிக்காவில், வெளிதேசம் செல்லாத நால்வருக்கு இந்நோய் கண்டது, இருவர் இறந்தனர். அந்நாட்டார் ஓயாமல் துருவி, இந்தியாவில் செய்யப்பட்ட ஒரு வாசனைநீர்ப் புட்டியில் கிருமியைக் கண்டுபிடித்து, அச்சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றனர். நான்கு உயிருக்காக ஒரு தேசம் அவ்வளவு பாடுபட்டது. நமது உழவன் உயிர் அதனினும் மலிவானதா?

பெருஞ்செலவு பிடிக்கும் அதிசய யந்திரம் எதையும் நாம் கேட்கவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கிருமி வளர்க்கும் பரிசோதனைச் சாலை ஒழுங்காக நடைபெறவேண்டும். அதில் வேலை செய்வோர் இக்கிருமியை அடையாளம் காணப் பயிற்றப்படவேண்டும். காணப்பட்ட ஒவ்வொரு கேஸும் சர்க்கார் கணக்கில் ஏறவேண்டும். பொதுஜன ஊழியர்களும் தத்தம் ஊரில், நீரிழிவுள்ள விவசாயிகள் மழைக்காலத்தில் காலணியின்றிச் சேற்றிலிறங்காமலும், சுரங்கண்டால் தாமதியாமலும் இருக்கும்படி எடுத்துரைக்கவேண்டும். அடுத்த மழைக்கு முன்னரே இவற்றைத் தொடங்குமாறு சுகாதார இலாகாவை வற்புறுத்துகிறோம்.