தூரிகையை வாங்கிக்கொண்டவர்

சூரிக்கிலிருந்து பேசுகிறேன். அமெரிக்காவின் மிசூரி ஆற்றுக்கு உங்களை அழைத்துப் போக, இதே ஊரில் 1809இல் பிறந்த ஓவியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் கார்ல் போட்மர்.

ஜெர்மானிய இளவரசர் மாக்ஸிமிலியன் ஓர் இயற்கை ஆய்வாளர். தன் பயணத்தில் காண்பதையெல்லாம் வரைந்து தர போட்மரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். 1833 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் நீராவிக் கப்பல் ஏறி, எதிரோட்டத்தில் சென்றார்கள். தோல் வணிகர்களின் கோட்டைகளே வழியில் தங்குமிடங்கள்.

ஆகஸ்ட் 28 விடியலில், மெக்கென்சி கோட்டைக்கு வெளியே கூடாரமிட்டிருந்த பிளாக்ஃபீட் மக்களை அசினிபாயின், க்ரீ வீரர்கள் தாக்கினார்கள். எல்லைப்புறச் சண்டை என்றாலே வெள்ளையருக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்தது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். தங்களுக்குள் பகை கொண்ட பல இனங்கள் வாழ்ந்த ஆறு அது. போட்மர் நேரில் கண்ட அந்தச் சண்டை பிறகு அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்றானது.

அந்தக் குளிர்காலத்தை அவர்கள் கிளார்க் கோட்டையில், மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகே கழித்தார்கள். மாண்டன் தலைவர் மாட்டோ-டோப்பேயை, அதாவது 'நான்கு கரடிகளை', போட்மர் இரண்டு முறை வரைந்தார். என்னை நிறுத்தியது அந்தப் படங்கள் அல்ல. விருந்தாளிகள் தந்த தாளையும் வண்ணத்தையும் வாங்கிக்கொண்டு, செயென் தலைவன் ஒருவனோடு தான் போரிட்டதை மாட்டோ-டோப்பே தன் கையாலேயே வரைந்தார்.

எதிரிகளை வென்ற அவரைச் சாய்த்தது அம்மை. 1837இல் அதே ஆற்றில் இன்னொரு நீராவிக் கப்பலோடு பெரியம்மை வந்தது. சுமார் 1,600 பேராக இருந்த மாண்டன்களில் 150 பேர்கூட மிஞ்சவில்லை. ஜூலை 30 அன்று மாட்டோ-டோப்பேயும் இறந்தார்.

மாண்டன்கள் அடியோடு அழிந்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. அது தவறு. வட டகோட்டாவில் ஹிடாட்சா, அரிக்காரா மக்களோடு சேர்ந்து இன்றும் வாழ்கிறார்கள். மாட்டோ-டோப்பே வரைந்ததாகக் கருதப்படும் எருமைத்தோல் போர்வை ஒன்று இங்கே பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊரைவிட்டு வந்த நம்மில் பலரிடம் பிறந்த வீட்டின் ஒரு படம்கூட இல்லை. அந்த வீட்டை வேறு யாராவது வந்து எழுதுவார்கள் என்று காத்திருக்கிறோம். மாட்டோ-டோப்பே காத்திருக்கவில்லை. இன்று இரவு நீங்களும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்.