முழங்காலில் காசநோய்

காசநோய் நுரையீரலை மட்டுமே தாக்கும் எனப் பலர் எண்ணுவர். அதன் கிருமி குருதி வழியே முழங்கால் மூட்டையும் அடையும். விளையாட்டில் பட்ட சிறு அடி சில வாரங்களில் ஆறிவிடும். இந்நோயிலோ வீக்கம் மெல்ல வளரும், கால் மடங்காது, தொடைத்தசை மெலியும். எண்ணெய் தடவிக் காலம் கடத்தினால் குருத்தெலும்பு அரிந்து மூட்டு விறைத்துவிடும். மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுப்பார். மூட்டுநீரையோ சவ்வின் துணுக்கையோ ஆய்ந்து நோயை உறுதி செய்வார்.

மருந்துண்ண மருத்துவமனையிலேயே தங்க வேண்டுமா? சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே காசநோயைக் குணமாக்கலாம் என உலகிற்கு உணர்த்தியது. மூட்டு நோய்க்குக் கூட்டு மருந்துகளை ஏறத்தாழ ஓராண்டு உண்ண வேண்டும். மாயாபந்தர் உட்பட எங்கும் அரசு மருத்துவமனைகளில் அவை இலவசம். வலி நின்றதும் மருந்தை நிறுத்தலாகாது; எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

சொற்பொருள்: குருதி – இரத்தம், ஊடுகதிர்ப் படம் – எக்ஸ்ரே