பானை பொய் சொல்லவில்லை!

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் லார்கோ மியூசியம். அதன் ஸ்டோர் ரூமையே ஜனங்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். அலமாரி அலமாரியாகப் பழங்கால மண்பாண்டங்கள்!

அதில் மோச்சே மக்களின் ஜாடிகள் விசேஷம். வயசு சுமார் 1,500 வருஷம். அவர்களுக்கு எழுத்து கிடையாது. குயவர் சக்கரமும் கிடையாது. களிமண்ணை அச்சில் அழுத்தி ஜாடி செய்து, செங்காவியில் மெல்லிய கோடுகளாகப் படம் போட்டார்கள். ஒரு படத்தில், கைதிகளின் கழுத்தை அறுத்து, ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்து ஒரு பெரிய மனிதரிடம் நீட்டுகிறார்கள்!

'அட, புராணக் கதைப்பா' என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1987-ல் சிபான் கிராமத்தில் திருடர்கள் ஒரு சமாதியைத் தோண்ட, போலீஸ் மூலம் சேதி தொல்லியல் நிபுணர் வால்டர் ஆல்வாவுக்குப் போனது. பக்கத்திலேயே அவர் தோண்டிய சமாதியில் கிடந்தவருக்கு, படத்தில் கிண்ணம் வாங்குகிறவரின் அதே பிறைக் கிரீடம், அதே நகைகள்!

அங்கேயும் திருடன் முந்தியிருந்தால்? தங்கம் கைமாறியிருக்கும். பானை இன்னும் 'கதை'தான் சொல்லிக்கொண்டிருக்கும்!