கொல்லைப் பூவரசில் ஒரு தலைமாட்டு மேசை

காவிரிப் படுகையின் பழைய ஓட்டு வீடுகளில் படுக்கைக்கென்று தனி மேசை இருந்ததில்லை. பாயில் படுத்தவரின் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு தரையிலேயே இருந்தது, விளக்குக்குச் சுவரில் மாடம் இருந்தது, வெற்றிலைப் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. கட்டிலில் படுக்கும் வழக்கம் பரவியபோது தரை எட்டாமல் போயிற்று. மூக்குக்கண்ணாடி, மாத்திரை, கைப்பேசி என்று இரவில் தேடும் பொருள்களும் பெருகின. ஆகவே கட்டிலின் உயரத்துக்கு ஒரு சிறு மேசை தேவைப்பட்டது. கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகையால் ஆனவை என்பதால், செம்பிலிருந்து சிந்தும் தண்ணீரிலும் ஐப்பசி அடைமழையின் ஈரத்திலும் அவற்றின் விளிம்பு உப்பிப் பிளந்துவிடுகிறது. வயதான பெற்றோருக்கோ புதுமணத் தம்பதியருக்கோ கையாலேயே ஒரு மேசை செய்து கொடுக்க நினைப்பவருக்குத் திருவாரூர் வட்டாரத்தில் நல்ல மரம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை.

எந்த மரம் என்பதே முதற்கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரித்து, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் கூறுகிறது; வயிரம் அல்லது காழ் என்பது தாவரத்தின் முற்றி இறுகிய பகுதி. தென்னையின் பட்டையையொட்டிய பகுதி இரும்பாக இருக்க, நடுப்பகுதி சோறுபோல மென்மையாக இருப்பதைக் காணும் எவருக்கும் இந்தப் பாகுபாடு தச்சுப் பட்டறைக்கே எழுதப்பட்டதோ என்று தோன்றும். மேசைக்கு வேண்டியது அகக்காழ் உடைய மரமே, அதிலும் வெளிறு நீக்கிய நடுப்பகுதியே. வெளிறு என்பது பட்டைக்கு உட்புறத்தில் வெளுத்த நிறத்தில் இருக்கும் இளம்பகுதி. உயிருள்ள மரம் தன் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் இடம் அது என்பதால், மரத்தை உளுக்கச் செய்யும் வண்டுகள் அதைத்தான் முதலில் நாடுகின்றன.

டெல்டாவில் வாய்க்கால் கரையிலும் கொல்லை வேலியிலும் மிகுதியாகக் காணப்படும் அகக்காழ் மரம் பூவரசு. ஒரு போத்தை, அதாவது கிளையிலிருந்து வெட்டிய தடித்த கழியை, மழைக்காலத்தில் நட்டாலே துளிர்த்துவிடும். களிமண்ணையும் உப்புக்காற்றையும் தாங்கி வளரும். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் குழந்தைகள் அறியாத ஒன்று, அந்த மரத்தின் நடுவில் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை ஓடும் நெருக்கமான இழையுடைய காழ் இருக்கிறது என்பது. பசிபிக் தீவுகளிலும் இதே மரம் வளர்கிறது. ஹவாய் மக்கள் அதை மிலோ என்று அழைத்து உணவுக் கிண்ணங்கள் கடைந்தார்கள். ஈஸ்டர் தீவில் இன்றுவரை படித்தறியப்படாத ரொங்கோரொங்கோ எழுத்துகள் பொறிக்கப்பட்ட பலகைகளில் பல, ஆய்வில் பூவரசு என்றே தெரியவந்துள்ளன. அயலூரில் போற்றப்படும் மரம் இங்கே வேலிக்கழியாகவும் விறகாகவும் முடிவது வருத்தத்துக்குரியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலில் தென்னையோடு மாவும் பலாவும் தேக்கும் பூவரசும் டெல்டா மாவட்டங்களில் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. அப்படி விழுந்த ஒரு கொல்லை மரத்தை அறுத்து நிழலில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டாரிடம், எந்தக் கடையிலும் கிடைக்காத பலகை இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

அடுக்கி வைப்பதற்கு முன்பு குளத்தில் ஊறப்போடுவது இப்பகுதியின் பழைய முறை. வெட்டிய மரத்தைச் சில வாரங்களோ மாதங்களோ நீரில் அமிழ்த்தி வைத்தால், வண்டுகளுக்கு இரையாகும் மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறுகின்றன. தேய்பிறையில் வெட்டினால் மரம் உளுக்காது என்ற நம்பிக்கையும் உண்டு; ஆனால் ஊறப்போடுவதன் பலனுக்கு நிலவின் துணை வேண்டியதில்லை. பிறகு பலகைகளாக அறுத்து, ஒன்றுக்கொன்று இடையே குச்சிகள் வைத்து, வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கினால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்ற கணக்கில் அவை உலரும். பொறுமை இல்லாதவர்கள் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரத்தையோ கதவு நிலையையோ வாங்கலாம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுவரத்தைச் செய்பவர்கள் பழைய வீடுகளில் பல ஆண்டுகள் கிடந்து உலர்ந்த ஆச்சா மரத்தையே விரும்பித் தேடுகிறார்கள்.

இவ்வளவு உலர்ந்த பின்னும் மரம் ஓய்வதில்லை என்பதே மேசை செய்பவர் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை. காற்றின் ஈரத்தைக் குடித்து மழைக்காலத்தில் அகலவாக்கில் விரிகிறது, சித்திரை வெயிலில் சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறிது. பதினான்கு அங்குல அகலமுள்ள ஒரு மேற்பலகை, ஆண்டின் ஈரமான மாதத்துக்கும் உலர்ந்த மாதத்துக்கும் இடையில் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, கூடிக் குறையக்கூடும். அந்தப் பலகையை நான்கு புறமும் ஆணியடித்து இறுக்கினால் ஏதோ ஒரு கோடையில் அது நடுவே வெடிக்கும். ஆகவே அனுபவமுள்ள தச்சர் மேற்பலகையை அடிச்சட்டத்தோடு ஒட்டுவதில்லை; சட்டத்தின் உட்புறத்தில் ஒரு பள்ளம் அறுத்து, அதில் நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளை நுழைத்து, அவற்றைப் பலகையின் அடியில் திருகாணியால் பிடிக்கச் செய்கிறார்; பலகை தட்டையாகவும் இருக்கிறது, மூச்சுவிடவும் முடிகிறது.

கால்களையும் சட்டங்களையும் சேர்ப்பதில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்குவது கழுந்து. அது நுழையக் காலில் வெட்டும் குழி துளை. முக்கால் அங்குலச் சட்டத்துக்குக் கால் அங்குலக் கழுந்து, அதாவது மூன்றில் ஒரு பங்கு, என்பது தச்சுத் தொழிலில் உலகெங்கும் வழங்கும் அளவு. பென்சில் கோட்டை நம்பாமல் கத்தி நுனியால் கீறிய கோட்டில் உளியை வைத்து, கொட்டாப்புளி எனப்படும் மரச்சுத்தியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே போனால், செதுக்குச் சில்லுகள் தாமாக எழும்பி வரும். கோட்டைத் தொடும் கடைசித் தட்டை மட்டும் மிக மெல்லத் தட்ட வேண்டும். கழுந்து கையழுத்தத்திலும் ஓரிரு தட்டிலும் உள்ளே போவதே சரியான பதம்: இறுக்கம் கூடினால் கால் பிளக்கும், தளர்ந்தால் வேலை முழுவதும் பசையின் தலையில் விழும். முற்காலத்தில் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய வச்சிரம் என்ற பசை ஈரத்தில் இளகக்கூடியது என்பதால், கழுந்தின் குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணி அறைந்தார்கள். இப்போதைய வெள்ளைப் பசை வலுவானது என்றாலும் அந்த ஆணியை விடாமல் இருப்பது நல்லது. ஏறக்குறைய 96 அடி உயரத்துக்கு அலங்கரித்து இழுக்கப்படும் ஆழித்தேரை ஆண்டுதோறும் காணும் திருவாரூரில், மரத்தோடு மரம் கவ்வி நிற்பதன் வலிமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இழைப்புளியால் சீவி மட்டமாக்கிய பலகையை உப்புத்தாளால் தேய்ப்பது இன்றைய வழக்கம். அதற்கு முன் சொரசொரப்பான பராய் இலையால் மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றினார்கள்; காவிரிக்கரைத் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த, அக்கோயிலின் தலமரமான பராயின் இலைதான் அது. மெருகுப் பூச்சைப் பொறுத்தவரை, அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது அழகாக இருந்தாலும், ஈரச் செம்பு வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும் என்பதால் தலைமாட்டு மேசைக்கு அது பொருந்தாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பல முறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் உலர விடுவது பொருந்தும். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

கடைசி வேலை பட்டறையில் நடப்பதன்று. அலம்பிவிடும் நீர் வடிவதற்காக வீட்டுத் தரைக்குச் சிறிது வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஆகவே மட்டமான இடத்தில் அசையாமல் நின்ற மேசை, பெறுபவரின் கட்டிலருகே வைத்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடலாம். கால்களைச் சிறிது நீளமாகவே விட்டு எடுத்துச் சென்று, மெத்தையின் மேல்மட்டத்தை அளந்து, மேசையை அது நிற்கப்போகும் இடத்திலேயே நிறுத்தி, ஆடும் காலின் அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகி மேற்பலகையை மட்டமாக்கி, ஒரே கனமுள்ள ஒரு சிறு கட்டையைத் தரையில் நகர்த்திக்கொண்டே நான்கு கால்களைச் சுற்றிலும் கோடிட்டு, அந்தக் கோட்டில் ரம்பத்தால் அறுக்க வேண்டும். பிறகு விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய செம்பை மேலே வைத்து, மேசையின் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்க்கலாம்.